வேலிக்கு இந்தப் பக்கம்

2000-ஆம் ஆண்டு நவம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தது. அந்தச் சமயத்தில் ஷெல் நிறுவன அதிகாரி ஒருவரிடம் முன்னாள் பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு பையைக் கொடுத்தார். பைக்குள் இருந்தது காற்று மட்டும்தான். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நார்கோ என்ற ஊரில் பிடித்த காற்று. கொடுத்தவர் மார்ஜி ரிச்சர்ட். அவருடைய வீட்டுக்கும் ஷெல்லின் இரசாயன ஆலை வேலிக்கும் நடுவே இருந்த தூரம் 25 அடி. அவரும் அக்கம்பக்கத்தாரும் பல வருடங்களாகக் கேட்டது ஒன்றைத்தான்: எங்கள் வீடுகளை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறோம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து மிசிசிப்பி ஆற்றோரமாக மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் நார்கோ வரும். ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களாக இருந்த பூமி. 1811-இல் அடிமைகள் ஆயுதம் ஏந்திக் கிளம்பிய பெரும் கலகம் இந்த ஆற்றங்கரையில்தான் நடந்தது. 1929-இல் அங்கிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஷெல் கைக்கு வந்தது. 1950-களில் இரசாயன ஆலைக்கும் இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தில் பெல்டவுன் என்ற கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. அங்கிருந்து கிளம்பிய குடும்பங்கள் பக்கத்திலேயே டயமண்ட் என்ற பகுதியில் குடியேறின. மொத்தம் நான்கே தெருக்கள். ஒரு பக்கம் இரசாயன ஆலை, இன்னொரு பக்கம் சுத்திகரிப்பு ஆலை. நார்கோவின் வெள்ளையர் பகுதி ஒரு மரக்காட்டுக்கு அப்பால் இருந்தது. ஷெல்லில் வேலை பார்த்தவர்களில் பலர் அங்கேதான் குடியிருந்தார்கள். சங்குச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கும்; சம்பளம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குத்தான் போனது.

1973-இல் டயமண்டை ஒட்டி ஓடிய குழாய் ஒன்றில் வாயு கசிந்தது. அந்த நேரம் பார்த்துப் புல்வெட்டும் இயந்திரத்தை ஒரு சிறுவன் முடுக்க, அதன் பொறி பட்டு வாயு பற்றிக்கொண்டது. அவனும், அருகே வீட்டுக்குள் இருந்த மூதாட்டியும் இறந்தார்கள். 1988 மே 5-ஆம் தேதி அதிகாலையில் நடந்தது இதைவிடப் பெரியது. கனமான எண்ணெயை வினையூக்கியின் உதவியால் உடைத்து பெட்ரோலாக்கும் அலகில், 8 அங்குலக் குழாயின் வளைவு ஒன்று உள்ளுக்குள் அரித்துப் போயிருந்தது. அது உடைந்ததும் சுமார் 9,000 கிலோ ஹைட்ரோகார்பன் வாயு மேகமாகப் பரவி வெடித்தது. தொழிலாளர்கள் ஏழு பேர் மாண்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் வரை சத்தம் கேட்டது.

வெடிப்பை உலகம் கவனிக்கும். டயமண்ட் மக்கள் வருடம் முழுக்க அனுபவித்தது வேறொன்று. சுத்திகரிப்பு ஆலை என்றதும் நமக்குப் புகைபோக்கிதான் ஞாபகம் வரும். உண்மையில் கசிவின் கணிசமான பகுதி புகைபோக்கி வழியே போவதில்லை. ஓர் ஆலைக்குள் பல ஆயிரம் வால்வுகள், குழாய் இணைப்புகள், பம்பு சீல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் துளித் துளியாக ஆவியை விடும். கச்சா எண்ணெய்த் தொட்டிகளின் கூரை எண்ணெய்மேல் மிதந்து ஏறி இறங்கும் வகையைச் சேர்ந்தது. அதன் ஓரத்து இடுக்கிலிருந்தும் ஆவி தப்பும். கழிவுநீர்க் கால்வாயிலிருந்து தப்பும். ஆலையில் ஏதாவது கோளாறு என்றால் மிஞ்சிய வாயுவை உயரமான கோபுரத்தின் உச்சியில் கொளுத்துவார்கள். சரியாக எரிந்தால் நல்லது. நீராவி அதிகமாகப் போனாலோ, வாயு மெலிந்திருந்தாலோ, எரியாத மிச்சம் அப்படியே காற்றில் கலக்கும். இப்படியெல்லாம் சேர்ந்து, நார்கோவின் ஷெல் சுத்திகரிப்பு ஆலை வருடத்துக்கு 20 இலட்சம் பவுண்டுக்கும் மேல், அதாவது 9 இலட்சம் கிலோவுக்கும் மேல், நச்சுப் பொருள்களைக் காற்றில் விட்டது என்று 1997-ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கு சொன்னது. அந்தக் கணக்கும் ஆலையே எழுதிக் கொடுப்பதுதான். ஒரு வால்வுக்கு இவ்வளவு என்று சராசரி வைத்துப் பெருக்கிப் போடும் மதிப்பீடு.

அப்படியானால் மக்கள் கையில் இருந்த கருவி என்ன? மூக்கு.

மூக்கு ஒரு விசித்திரமான கருவி. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். அதே வாயு பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மோப்ப நரம்பு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று ஆள் நிம்மதியாக இருப்பான், ஆபத்து அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பென்சீன் விஷயம் இன்னும் மோசம். இலேசான இனிப்பு வாடை கொண்ட இந்தத் திரவ ஆவி, கல்லீரலில் உடைந்து, அங்கிருந்து எலும்பு மஜ்ஜைக்குப் போய், இரத்த அணுக்கள் பிறக்கும் இடத்திலேயே கை வைக்கிறது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. இந்தியத் தரநிலைப்படி காற்றில் அதன் வருடச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. ஆனால் மனித மூக்குக்கு அது எட்டவேண்டுமானால் ஏறக்குறைய 5,000 மைக்ரோகிராம் வேண்டும். ஆகவே நாற்றமில்லை என்றால் ஆபத்தில்லை என்று ஆலைக்காரர் சொன்னால் அது தப்பு. நாற்றமெடுத்தாலே விஷம் என்று ஊர்க்காரர் சொன்னாலும் அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? அதிகாரி வருவார். அதற்குள் காற்று திசை மாறியிருக்கும். கசிவுகள் மூக்கை அதிகம் தாக்குவதோ இரவிலும் விடியற்காலையிலும்தான். பகலில் தரை சூடாகிக் காற்று மேலெழும், கசிந்தது கலைந்துபோகும். இரவில் தரை குளிர்ந்து, கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றுமாக அடுக்கு மாறிவிட்டால், சோற்றுப் பானைக்கு மூடி போட்டதுபோல் கசிந்ததெல்லாம் தெருமட்டத்திலேயே அடைந்து கிடக்கும். அளவெடுக்கிற அலுவலகம் திறப்பதோ காலையில்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. அங்கே ரோடியோ என்ற ஊரில் ஒரு சுத்திகரிப்பு ஆலைக் கசிவு வழக்கை நடத்திய வழக்கறிஞர் எட் மாஸ்ரி, மலிவான காற்று மாதிரிக் கருவி ஒன்றை 1995-இல் செய்யச் சொன்னார். பின்னாளில் எரின் பிரோக்கோவிச் திரைப்படத்தில் வரும் அதே வழக்கறிஞர்தான். விலையுயர்ந்த எஃகுக் கலத்துக்குப் பதிலாக, பெயின்ட் வரும் மாதிரியான 5 காலன் பிளாஸ்டிக் வாளி. மூடியில் இரண்டு துளை. வாளிக்குள் டெட்லார் என்ற, வாயுவோடு எளிதில் வினைபுரியாத பிளாஸ்டிக்கால் ஆன பை. பையின் வாய் ஒரு துளை வழியே வெளியே திறந்திருக்கும். இன்னொரு துளையில் சின்ன உறிஞ்சு இயந்திரம். இயந்திரம் பைக்குள் இருப்பதை இழுப்பதில்லை. வாளிக்குள், பையைச் சுற்றி இருக்கும் காற்றைத்தான் வெளியே இழுக்கும். சுற்றிலும் அழுத்தம் குறைந்ததும் பை தானாக உப்பும், வெளிக்காற்று உள்ளே புகும். மாதிரிக் காற்று மோட்டாரைத் தொடாததால் அதன் எண்ணெய் வாடை கலக்காது. சில நிமிட வேலை. பிறகு வால்வை மூடி, பையை எடுத்து, ஒன்றிரண்டு நாளுக்குள் ஆய்வகம் போய்ச் சேரும்படி அனுப்பவேண்டும். அங்கே வாயுக் கலவையைப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறையும் அதன் எடையை வைத்து அடையாளம் காண்பார்கள்.

டென்னி லார்சன் என்ற சூழல் செயற்பாட்டாளர் இந்த வாளியை ஊர் ஊராக எடுத்துச் சென்றார். டயமண்டுக்கும் வந்தது. 1998 டிசம்பரில் ஆலைப் பக்கமிருந்து வாடை வீசியபோது பிடித்த பையில் மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பான் இருப்பதாக ஆய்வகம் சொன்னது. அதுவரை நாறுகிறது என்று புலம்பியவர்கள் அன்றிலிருந்து ஒரு வேதிப்பொருளின் பெயரையும் அதன் அளவையும் சொல்லிக் கேள்வி கேட்டார்கள்.

பதில் தயாராக இருந்தது: நீங்கள் எடுத்தது சில நிமிடக் காற்று, தரநிலையோ வருடச் சராசரிக்கு. கேட்க அற்பமாகத் தோன்றினாலும் சட்டப்படி அது வலுவான பதில். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வருடத்தில் 5,25,600 நிமிடங்கள். அதில் ஒரு தடவை, 20 நிமிடம், பென்சீன் 3,000 மைக்ரோகிராமுக்கு எகிறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடச் சராசரியில் அது கூட்டுவது 0.11 மைக்ரோகிராம். லூசியானாவின் வருட வரம்பு 12. ஒரு குழந்தைக்குக் கண் எரிந்து தலைசுற்றிய அந்த 20 நிமிடம் கணக்கில் கரைந்தே போகிறது. நார்கோ வட்டாரத்தில் தங்கி ஆராய்ந்த சமூக அறிவியலாளர் க்வென் ஆட்டிங்கர் இந்த மோதலைக் கூர்மையாகக் கவனித்தார். வாளி உச்சங்களைப் பிடிக்கிறது, அரசின் கருவி சராசரியைப் பிடிக்கிறது. இரண்டுமே அறிவியல்தான். எதைச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நோயை வைத்து நிரூபிக்கலாமே என்றால் அங்கே வேறு சுவர். அமெரிக்காவில் தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோய் வருடத்துக்கு இலட்சம் பேரில் சுமார் 4 பேருக்கு வருகிறது. ஆயிரம் பேர் வாழும் ஒரு குடியிருப்பில் 25 வருடத்துக்கு ஒருவர் என்று எதிர்பார்க்கலாம். ஆலை அந்த ஆபத்தை இரட்டிப்பாக்கினாலும் இரண்டு பேர்தான். ஒன்றா இரண்டா என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எந்தப் புள்ளியியலாளராலும் முடியும். நேர்மையானவர் தள்ளித்தான் ஆகவேண்டும். நான்கு தெருவில் வாழ்கிறவர்கள் தங்கள் நோயைப் புள்ளியியலின் வழியே நிரூபிக்கவே முடியாது, ஏனென்றால் அவர்கள் போதுமான அளவுக்குப் பலர் இல்லை. டயமண்ட் மக்கள் தொடுத்த வழக்கில் 1997-இல் நடுவர் குழு ஷெல் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

வழக்கு தோற்ற பிறகும் வீடுகள் விலைபோயின. நார்கோ கதையில் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். காற்று மாதிரி ஊடகங்களில் பேசப்பட்டது. ஹேக் வரை போனது. நிறுவனத்தின் பெயர் அடிபட்டது. 2000-இல் ஷெல் இறங்கி வந்து, வேலிக்கு அருகே இருந்த இரண்டு தெருக்களை மட்டும் வாங்க முன்வந்தது. அப்பா இந்தத் தெரு, மகள் அடுத்த தெரு என்று உறவாக வாழ்ந்த இடம் அது. வேலியிலிருந்து மூன்றாவது தெருவில் காற்று திடீரென்று சுத்தமாகிவிடும் என்று சொல்ல எந்த அளவீடும் இல்லை. இரண்டு தெருக்காரர்கள் போய்விட்டால் மிஞ்சியவர்களின் வீட்டுக்கு வாங்க ஆளும் இருக்காது. நான்கு தெருவும் சேர்ந்து என்றால்தான் சம்மதம் என்று மார்ஜி ரிச்சர்டும் அவரது அமைப்பும் பிடிவாதமாக நின்றார்கள். 2002-இல் ஷெல் நான்கு தெருக்களுக்கும் ஒப்புக்கொண்டது. ஆலையின் கழிவு வாயுவை 30 சதவீதம் குறைப்பதாகவும், ஊர் மேம்பாட்டு நிதிக்கு 50 இலட்சம் டாலர் தருவதாகவும் வாக்குக் கொடுத்தது. 2004-இல் ரிச்சர்டுக்குக் கோல்ட்மேன் சூழலியல் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்.

விலை பேசுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வழக்கமான மதிப்பீட்டாளர் வந்தால் பக்கத்தில் இதே மாதிரி வீடு என்ன விலைக்குப் போனது என்று பார்ப்பார். பக்கத்து வீடும் இதே வேலியோரத்தில்தானே இருக்கிறது? மாசு ஏற்கெனவே விலையைத் தின்றுவிட்டது. அந்தக் குறைந்த விலையைச் சந்தை விலை என்று கொடுத்தால் வேறு ஊரில் ஒரு அறைகூட வாங்க முடியாது. அதனால்தான் டயமண்டில் மதிப்பீடு எதுவாக இருந்தாலும் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கவேண்டும் என்று பேசி முடித்தார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இப்படிப் பேரம் பேச வீடு கிடையாது. இந்த மாதிரித் திட்டங்களில் அவர்கள் எப்போதும் கடைசி வரிசைதான்.

எல்லா வேலிக்கும் இந்த முடிவு வாய்க்கவில்லை. நார்கோவை அடுத்த நியூ சார்பியில் ஓரியன் என்ற சுத்திகரிப்பு ஆலை இருந்தது. 2001 ஜூனில் அதன் 270 அடி விட்டமுள்ள பெட்ரோல் தொட்டி ஒன்று மின்னல் தாக்கி, சுமார் 13 மணி நேரம் எரிந்தது. அங்கேயும் வாளிப் போராட்டம் நடந்தது, இடமாற்றமும் கேட்டார்கள். 2002 கடைசியில் வீட்டைச் செப்பனிடப் பணம் என்ற சமரசத்தோடு முடிந்தது. மக்கள் அதே இடத்தில்தான். டெட்ராய்ட் நகரில் மாரத்தான் நிறுவனம் தன் ஆலையை விரிவாக்கியபோது, 2011-இல் ஓக்வுட் ஹைட்ஸ் பகுதி வீடுகளை வாங்கத் தொடங்கியது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பாய்ன்டன் பகுதிக்கு, பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிக்கு, அந்த வாய்ப்பு வரவில்லை. காற்றுக்கு நெடுஞ்சாலை ஒரு தடையா என்று அவர்கள் கேட்டது நியாயமான அறிவியல் கேள்வி.

வீடு வாங்கும் திட்டங்களில் அதிகம் பேசப்படாத கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை ஓர் ஆலையின் புற்றுநோய் ஆபத்தை மதிப்பிடும்போது, மிக அதிகமாகப் பாதிக்கப்படும் மனிதருக்கு வாழ்நாளில் எவ்வளவு கூடுதல் ஆபத்து என்று பார்க்கிறது. பத்து இலட்சத்தில் நூறு என்ற அளவுவரை பொதுவாகச் சகிக்கத்தக்கது. இந்த மனிதர் எங்கே இருக்கிறார்? மக்கள்தொகைக் கணக்குப்படி ஆள் குடியிருக்கும் இடத்தில். வேலியோரத்து வீடுகளை ஆலையே வாங்கி இடித்துவிட்டால், மிக அதிகமாகப் பாதிக்கப்படும் மனிதர் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறார். ஆபத்து எண் இறங்குகிறது. ஒரு கிராம் வாயுகூடக் குறையவில்லை. இதை மோசடி என்று சொல்ல முடியாது. சூத்திரமே அப்படி அமைந்திருக்கிறது. டயமண்ட் ஒப்பந்தத்தில் கழிவைக் குறைக்கும் வாக்குறுதியும் சேர்ந்திருந்தது என்பதற்காகவே அதற்குத் தனி மதிப்பு. 1990-ஐ ஒட்டி இதே ஆற்றோரத்தில் டவ் கெமிக்கல் விலைக்கு வாங்கிக் காலி செய்த மாரிசன்வில் என்ற ஊரில் இப்போது ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை.

வாளி கிளப்பிய கேள்வி கடைசியில் சட்டப் புத்தகம் வரை போயிற்று. 2015-இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை, எல்லாச் சுத்திகரிப்பு ஆலைகளும் தங்கள் வேலி நெடுக உறிஞ்சு குழாய்களைத் தொங்கவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பென்சீன் அளவைப் பார்த்து, பொதுமக்களுக்கு வெளியிடவேண்டும் என்று விதித்தது. விரல் நீளக் குழாய், உள்ளே வாயுவைப் பிடிக்கும் பொடி, மின்சாரமே தேவையில்லை. வருடச் சராசரி 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் கசிவு எங்கே என்று தேடி அடைக்கவேண்டும். 2019-இன் அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பத்து ஆலைகள் அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. வால்வுக்கு இவ்வளவு என்று பெருக்கிப் போட்ட பழைய கணக்குகள் ஆலைகளுக்கு எவ்வளவு சாதகமானவை என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த வாளி கடலூருக்கும் வந்திருக்கிறது. 2004-இல் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் இளைஞர்கள் அதில் காற்றுப் பிடிக்கப் பழகினார்கள். எந்த நேரம், எந்த இடம், காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன வாடை என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். மாதிரிகளில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வாயுக்கள் இருந்தன. அவற்றில் பல புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. தமிழ்நாட்டில் காற்றின் நச்சுத்தன்மையை ஊர்மக்களே அளந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பதில் கேட்டது அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தது. கேட்டது வீட்டு விலை அல்ல. ஆலைகள் கசிவை நிறுத்தவேண்டும் என்பது. நிலமும் ஆறும் கடலும் பிழைப்பாக இருப்பவர்களுக்கு வீட்டை விற்றுவிட்டுப் போவது என்பது வேலையையும் விற்றுவிட்டுப் போவது.

மும்பையில் கதை தலைகீழ். செம்பூரை ஒட்டிய மாஹுலில் இரண்டு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. அங்குள்ள காற்றால் மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. அதற்குப் பிறகும், தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்துக் குடிசைகளை இடித்த மாநகராட்சி, அந்தக் குடும்பங்களை 2017-லிருந்து மாஹுலின் அடுக்குமாடிகளுக்குத்தான் அனுப்பியது. வேலியோரத்திலிருந்து ஆளை அப்புறப்படுத்தப் பணம் கொடுத்தது நார்கோ. வேலியோரத்துக்கே ஆளைக் கொண்டுவந்து வீடு கொடுத்தது மும்பை. அப்படி அனுப்பப்பட்டவர்கள் மாதக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அங்கே குடியிருக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லி, மாற்று வீடு கொடுக்க முடியாவிட்டால் வாடகைக்கு மாதம் 15,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது.